குற்றுயிராய்க் கிடந்தவனின் பக்கத்திலிருந்து

2018 ஆகஸ்ட் நடுவில் கேரளத்து நெடுஞ்சாலைகளில் லாரிகள் படகுகளைச் சுமந்துகொண்டு வரிசையாக ஓடின. விழிஞ்ஞம், பூந்துறை, நீண்டகரை என்று தெற்கே இருக்கிற கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை ஏற்றி, எஞ்சினையும் எரிபொருள் கேன்களையும் தூக்கிப்போட்டுக்கொண்டு, கடலே இல்லாத செங்ஙன்னூருக்கும் ஆறன்முளைக்கும் போனார்கள். இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மாதம்தான் திறக்கப்பட்டன. பம்பையும் பெரியாறும் சாலக்குடிப் புழையும் ஊர்களுக்குள் புகுந்துவிட்டன. செங்ஙன்னூர் எம்.எல்.ஏ. தொலைக்காட்சியில் அழுதுகொண்டே ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லிக் கெஞ்சியதை நாங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தோம். எல்லை தாண்டினால் அந்தப் பக்கம் கேரளம், அவ்வளவு கிட்டம்.

ஹெலிகாப்டர் வந்தது, ராணுவமும் வந்தது. ஆனால் தெருவுக்குள், மதில்களுக்கு நடுவே, பாயும் தண்ணீரில் படகைத் திருப்பத் தெரிந்தவர்கள் மீனவர்கள்தான். 669 படகுகள், 4,500க்கு மேற்பட்ட மீனவர்கள், குறைந்தது 65,000 உயிர்கள் என்று பிறகு அரசு கணக்குச் சொன்னது. முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று புகழ்ந்து, நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அறிவித்தார். கொச்சியைச் சேர்ந்த ஓர் இளம் மீனவர் உடனே காணொளி ஒன்றில் பதில் சொன்னார்: உடைந்த படகுகளைச் சரிசெய்து தருவதற்கு நன்றி, ஆனால் கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம். மலப்புரம் பக்கம் இன்னொரு மீனவர், பெண்கள் ரப்பர் படகில் ஏற வசதியாகத் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கிக் கொடுத்தார். அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. இவர்கள் இருவரும் முஸ்லிம்கள். தெற்கே பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் போனவர்களில் பெரும்பாலோர் லத்தீன் கத்தோலிக்கர்கள். பல ஊர்களில் பங்குத்தந்தை கோயில் மைக்கில் சொன்னதும் கிளம்பியவர்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துகிற விஷயம் நாட்காட்டியில் இருக்கிறது. ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் 30. வெள்ளம் வந்தது அதற்கு எட்டரை மாதம் கழித்து. படகை லாரியில் ஏற்றிய அதே ஊர்கள்தான் எட்டரை மாதத்துக்கு முன்னால் கடலைப் பார்த்து நின்று கதறிய ஊர்கள். அப்போது அவர்களுக்காக அவ்வளவு வேகமாக யாரும் எதையும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

கேரளத்தை விட எனக்கு அதிகம் தெரிந்தது குமரி மாவட்டத்துக் கடற்கரை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக இருக்கும் ஊர்கள். அங்குள்ளவர்கள் ஆழ்கடல் ஆட்கள். சுறா பிடிக்கப் பேர்போனவர்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதத்துக்கு மேலும் கடலிலேயே கிடப்பார்கள். ஒக்கி கடலுக்குள் இருந்தபடியே சில மணி நேரத்தில் புயலாக உருவெடுத்தது. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அவர்கள் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார்கள். கரையில் ஒட்டுகிற நோட்டீஸை நடுக்கடலில் யார் படிப்பது?

நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

அந்த நாட்களில் எங்கள் சபையிலிருந்து ஒரு வேன் அங்கே போனது. நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் திருச்சபையினர், உள்நாட்டு ஆட்கள், ரப்பரும் வாழையும்தான் எங்கள் பிழைப்பு. ஒக்கி எங்களையும் விடவில்லை. குலை தள்ளிய வாழை மொத்தமும் சாய்ந்தது, ரப்பர் மரங்கள் இடுப்பில் முறிந்தன, மின்கம்பங்கள் விழுந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு நடுவிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாகப் போய் அரிசி சேர்த்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். வேனில் போன ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. அரிசி மூட்டையை இறக்கப் போனபோது ஒரு வயதான அம்மா எங்கள் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அரிசி இருக்கு மக்களே. கடல்ல கிடக்கிறவங்களைத் தேடச் சொல்லுங்க. உங்க சொல்லு மேல எடுபடும்."

போதகர் ஒன்றும் பேசவில்லை. மூட்டைகளை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, பங்கு மண்டபத்துக்குள் போனார். அங்கே பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். படகின் பெயர், பதிவு எண், எந்தத் தேதியில் எங்கிருந்து கிளம்பியது, எத்தனை பேர், கடைசியாகப் பேசியது எப்போது, அடையாளம். ஏன் இந்தப் பட்டியல் அத்தனை முக்கியம் என்றால், அரசின் எண்ணிக்கையும் பங்குகளின், அதாவது அந்தந்த ஊர்த் தேவாலயங்களின், எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. படகு கிளம்பியது கொச்சியிலிருந்து. ஆள் தமிழ்நாட்டுக்காரர். தூத்தூர் வட்டாரத்துப் பங்குகளோ திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தில் சேர்ந்தவை. இப்படிப்பட்ட ஒருவரை எந்த மாநிலம் தன் கணக்கில் எழுதும்? எழுதப்படாதவரை யார் தேடுவார்? எங்கள் போதகர் அன்று சாயங்காலம் வரை அந்த மேசையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே தகவல் சொன்னவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். ஜெபம்கூட அவர்கள் கேட்ட பிறகுதான் செய்தார். அன்று நான் பார்த்ததில் உருப்படியான இரக்கம் அந்த மேசையில் நடந்தது என்றே சொல்வேன்.

காணாமல் போனவர் இறந்தார் என்று சட்டப்படி கொள்ளப் பொதுவாக ஏழு ஆண்டு ஆக வேண்டும். பிறகு ஒக்கிக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள், குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் வந்தது. அதுவரை அந்த வீடுகளில் தாலியைக் கழற்றவும் முடியாமல், போட்டிருக்கவும் முடியாமல் இருந்த பெண்களிடம் என்ன பேசுவது? ஆறுதல் என்ற பெயரில் பேசப்பட்டவை பல காதில் விழுந்தன. கர்த்தருக்குச் சித்தமில்லாமல் ஒன்றும் நடக்காது என்றார் ஒருவர். கடல்புரத்தில் குடி அதிகம், அதற்குத்தான் இது என்று இன்னொருவர், அதுவும் எங்கள் பக்கத்து ஆள், வேனில் திரும்பும்போது சொன்னார். 2004 சுனாமி கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் கொளச்சல், மணக்குடி மக்களையும் அள்ளிக்கொண்டு போனபோதும் இதே மாதிரி நியாயத்தீர்ப்புப் பிரசங்கங்கள் ஓடின.

இதற்கு வேதத்திலேயே நேரடியான பதில் இருப்பதுதான் ஆச்சரியம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும் விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார். தானே பதிலும் சொன்னார்: இல்லை. எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்களும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்ததுதான் வினை. அதற்குப் பிறகு முப்பது அதிகாரத்துக்கு மேல் நீள்கிற விவாதம், கடைசியில் அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே சொல்ல வேண்டி வந்தது.

டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தார்கள். இரவு வரை எழுந்திருக்கவில்லை. முக்கியமாகக் கேட்டது இதுதான்: எங்கள் ஆட்களைத் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் ரயில் போகவில்லையே என்ற முணுமுணுப்புதான் அதிகம் கேட்டது. "கடற்கரைக்காரங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குள் எங்கள் மாவட்டத்தின் பல தலைமுறைக் கதை இருக்கிறது. அவர்கள் 1544ல் பிரான்சிஸ் சவேரியார் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். எங்கள் முன்னோர் மிஷனரிமாரிடம் வந்து சேர்ந்தது அதற்கு 250 ஆண்டுக்கு மேல் கழித்து. இருந்தும் பள்ளிக்கூடம், அரசாங்க வேலை, கான்கிரீட் வீடு எல்லாவற்றிலும் முந்திக்கொண்ட உள்நாட்டு ஆட்கள், மீன் வாங்குவதைத் தவிர கடற்கரைப் பக்கம் போவதில்லை. கல்யாணம் பேசுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2021 டிசம்பரில் கொளச்சலில் மீன் விற்றுவிட்டு ஏறிய ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது மாநிலம் முழுக்கச் செய்தியானது. ஒக்கி முடிந்து, வெள்ளம் முடிந்து, எல்லோரும் மீனவரைக் கையெடுத்துக் கும்பிட்டு முடிந்த பிறகு நடந்தது அது.

இதை வைத்துக்கொண்டு லூக்கா 10ஆம் அதிகாரத்தைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. வழியில் கள்ளர் அடித்துப் போட்டுவிட்டுப் போன ஒருவனை, யூதர்கள் வெறுத்த சமாரிய இனத்துக்காரன் காப்பாற்றுகிற நல்ல சமாரியன் கதை தெரியாத கிறிஸ்தவர் இல்லை. ஞாயிறு பள்ளியில் நாடகம் போட்டிருப்போம். பேரிடர் வரும்போதெல்லாம் பிரசங்க பீடத்தில் அந்தக் கதை வரும், நாமும் சமாரியனைப்போல் இருப்போம் என்று முடியும். அதில் தப்பில்லை, இயேசுவே "நீயும் போய் அந்தப்படியே செய்" என்றுதான் முடித்தார். ஆனால் அவர் கதை சொன்னது யூதர்களுக்கு. கேட்டவர்கள் யாரும் தன்னைச் சமாரியனாக நினைத்திருக்க வழியே இல்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள். ஒரு அதிகாரத்துக்கு முன்னால்தான் ஒரு சமாரிய கிராமம் இயேசுவுக்கே தங்க இடம் கொடுக்கவில்லை. வானத்திலிருந்து அக்கினி இறங்கும்படி கட்டளையிடலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் இந்தக் கதை.

அப்படியென்றால் கேட்டுக்கொண்டிருந்தவன் தன்னை யாராக நினைத்திருப்பான்? எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற பாதையில், சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கத்தில், துணி உரியப்பட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிற அந்த ஆளாகத்தான். தன் இனத்துக் கோயில் குருவான ஆசாரியன் வருகிறான், அப்பாடா என்றிருக்கும். விலகிப் போகிறான். அடுத்து கோயில் ஊழியனான லேவியன், அவனும் விலகிப் போகிறான். மூன்றாவதாகக் காலடிச் சத்தம். கண்ணைத் திறந்தால் தன் வீட்டு வாசலில்கூட நிற்கவிடாத இனத்துக்காரன். அவன் கை தன் மேல் படப்போகிறது. வேண்டாம் என்று சொல்லத் தெம்பு இல்லை.

2018 வெள்ளத்தில் ஒரு மீனவர் பத்திரிகையாளர்களிடம் சொன்ன சம்பவம் இது. மாட்டிக்கொண்டிருந்த ஒரு உயர்சாதிக் குடும்பம், இது கிறிஸ்தவர்களின் படகா என்று கேட்டு ஏற மறுத்துவிட்டது. சில மணி நேரம் கழித்துப் படகு மறுபடி அந்தப் பக்கம் போனபோது, எங்களைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஏறியது. படிக்கும்போது அந்தக் குடும்பத்தின் மேல் கோபம் வருகிறது. ஆனால் எரிகோ பாதையில் இருந்தவனுக்குத் தெம்பு இருந்திருந்தால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான் என்று தோன்றுகிறது. நிபந்தனையைக் கேட்டும் படகைத் திருப்பிக்கொண்டு போகாத மீனவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

கதையை முடித்துவிட்டு இயேசு கேட்ட கேள்வியும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. எனக்குப் பிறன் யார் என்று கேட்டவன் ஒரு நியாயசாஸ்திரி, வேதச் சட்டம் படித்தவன்; அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதை. யாருக்கு நான் உதவ வேண்டும், எந்த எல்லை வரை என்று பட்டியல் போடுகிற கேள்வி அது. கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு இந்த மூன்று பேரில் எவன் பிறனாயிருந்தான் என்று இயேசு அதைப் புரட்டிப்போட்டுவிட்டார். அவனால் சமாரியன் என்ற பெயரை உச்சரிக்கக்கூட முடியவில்லை. "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்று சுற்றி வளைத்துச் சொன்னான்.

நம் சபைகளில் இரக்கம் எப்போதும் மேலிருந்து கீழே போகிற ஒன்றாகவே இருக்கிறது. நாம் கொடுப்பவர்கள், அவர்கள் வாங்குபவர்கள். அதனால்தான் பிளெக்ஸ் பேனர் தேவைப்படுகிறது. அரிசிப் பையின் மேல் சபையின் பெயர் தேவைப்படுகிறது. வாங்குகிறவர் கேமராவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலை மலையாகக் குவிந்து கிடந்தது, வாங்க ஆளில்லை. சொந்த வீடும் உழைப்பும் ஒரு காலையில் போனவர்களுக்கு அடுத்தவர் கழித்துப் போட்ட சட்டையைக் கொடுக்கலாம் என்று எப்படித் தோன்றியது? கீழே இருப்பவருக்கு எதுவும் போதும் என்ற நினைப்புதான். அதே நாகப்பட்டினத்தில் நிவாரண முகாம்களில் தலித் மக்களை ஒதுக்கிவைத்ததும், பிணங்களை அகற்ற வெவ்வேறு ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்ததும் நடந்தன. ஒரு பக்கம் எல்லோரும் ஒன்றானோம் என்று தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வாங்கத் தெரிந்தவன் கொடுக்கிற விதமே வேறு. அப்போஸ்தலர் பவுல் இதற்கு நல்ல சாட்சி. கைதியாக ரோமாபுரிக்குப் போகும் வழியில் கப்பல் உடைந்து, 276 பேர் பலகையைப் பிடித்து நீந்திக் கரையேறியது மெலித்தா தீவில். இன்றைய மால்டா. அப்போஸ்தலர் நடபடிகள் அதை எழுதும் விதம் அழகு: "அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல." மழையும் குளிருமாக இருந்ததால் நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள். கிறிஸ்துவின் பெயரையே கேட்டிராத அவர்கள் மூட்டின நெருப்பில் பவுல் குளிர்காய்ந்தார். சும்மா உட்காரவும் இல்லை, அவரும் சுள்ளி பொறுக்கினார். சுள்ளியிலிருந்து விரியன் பாம்பு கையைப் பிடித்ததும் அந்த நல்ல மனிதர்களே, இவன் கொலைகாரன், அதான் பழி விடவில்லை என்றார்கள். பாருங்கள், நியாயத்தீர்ப்புப் பிரசங்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர்கள் பேசியது அப்படி, ஆனால் நெருப்பை அணைக்கவில்லை.

மக்கெதோனியா சபைகளைப் பற்றி அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையும் இங்கே சொல்ல வேண்டும். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்குக் காணிக்கை சேர்த்தபோது, தாங்களே கொடிய வறுமையிலும் உபத்திரவத்திலும் இருந்த மக்கெதோனியர் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருந்திக் கேட்டார்களாம். வசதியான கொரிந்துவில் பேச்சோடு நின்றுபோயிருந்தது. பூந்துறைக்காரர்கள் லாரி ஏறியதை நான் இந்தப் பக்கத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். தண்ணீருக்குள் நின்று யாரும் வராமல் காத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2015 சென்னை வெள்ளத்திலும் மீனவர் படகுகள் தெருக்களுக்குள் வந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தூத்துக்குடி மூழ்கியபோதும் வந்தன. அந்த வெள்ளத்தில்தான் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார், தங்கள் ஊரே தண்ணீரில் கிடக்க, கோயிலில் அடுப்பு மூட்டி அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் லூக்கா சுவிசேஷம் படித்தவர்கள் இல்லை, மெலித்தா தீவாரும் படித்தவர்கள் இல்லை.

சமாரியன் கதையில் நாம் அவசரமாகத் தாண்டிப் போகிற ஓர் ஆள் சத்திரக்காரன். சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டி, கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு ராத்திரி கூட இருந்து பார்த்துக்கொண்டான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். அந்தக் காலத்தில் இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அப்புறம் அவன் போய்விட்டான், அவனுக்கும் வேலை இருந்திருக்கும். கஞ்சி ஊற்றியது, கட்டு மாற்றியது, எப்போது எழுந்து நடப்பான் என்று தெரியாமல் காத்திருந்தது எல்லாம் சத்திரக்காரன். அவனைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

ஒக்கியின் சத்திரக்காரர் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. படகு கடனில் வாங்கியது. படகு போய்விட்டது, கடன் இருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளைகளில் சிலர் இப்போது கல்லூரியில். எங்கள் சபையில் இதற்கென்று ஒரு சின்ன நிதி தொடங்கலாம் என்று அந்தப் போதகர் கமிட்டியில் பேசியபோது வழக்கமான தடை வந்தது.

"அவங்க கத்தோலிக்கர் இல்லியா ஐயரே? அவங்க மறைமாவட்டம் பார்த்துக்கும்."

பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுந்திருக்காமலே கேட்டார்: "சமாரியன் எந்த டயோசிஸ்?"

சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது, ஆனால் ஒரு திருத்தத்தோடு. அந்த டீச்சர் கொண்டுவந்த திருத்தம்: யாருக்குக் கொடுப்பது என்பதை நாம் முடிவு செய்யக்கூடாது, அந்த ஊரிலிருந்து இரண்டு பேரை இந்தக் கமிட்டியில் உட்கார வைக்க வேண்டும். அதற்குத்தான் அதிக எதிர்ப்பு. ஒன்றரை மணி நேரம் ஓடியது. கடைசியில் ஒரு மீனவப் பெண்மணியும் அந்த ஊர் வாசகசாலைச் செயலாளரும் வந்து உட்கார்ந்தார்கள். முதல் கூட்டத்திலேயே அந்தப் பெண்மணி, உங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறதே, மழைக்காலத்துக்கு உங்களிடம் ஒரு படகாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். பழைய வள்ளம் ஒன்று சும்மா கிடக்கிறது, அனுப்பி வைக்கிறேன், ஓட்டப் பழகுவதற்கு நாலு பையன்களை விடுங்கள் என்றார். வள்ளம் வந்துவிட்டது. பெயர் கொடுத்திருப்பது இதுவரை இரண்டு பையன்கள்.